ரத்தத்தின் ஆழம்

எங்கள் வீட்டுக் கிணற்றில் நான் ஒரு வாளித் தண்ணீர்கூட இறைத்ததில்லை. குழாய் வராத காலத்தில் என் வீட்டுக்காரர்தான் இறைத்து ஊற்றுவார். துரைசானிக்குக் கை நோகும் என்று கேலி வேறு. பக்கத்து வீட்டுப் பெண்கள் இன்னும் கூடுதலாகவே பேசியிருப்பார்கள், பேசட்டும். எனக்குக் கையெல்லாம் நோகாது. ஆஸ்பத்திரியில் ஆள் ஆளாகப் புரட்டிப் போட்ட கை இது. வாளி தண்ணீரைத் தொட்டு முங்கும்போது கயிற்றில் மெல்ல ஓர் இழுப்பு வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அந்த இழுப்பு எனக்கு வேறொரு இடத்திலிருந்து வருகிறது.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் நாசரேத். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வாத்தியார், வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்பார்கள். நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி. ரத்தம் சோதிக்கிற ஆள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. டாக்டர் பாளையங்கோட்டைக்காரர், வயதானவர், பொறுமைசாலி. எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, பொறுமையாகச் செய்யவேண்டிய அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

ஒரு நாள் காலையில் கடற்கரையிலிருந்து ஒருவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். சங்கு குளிக்கிற ஆள். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷமாகியிருந்தது. கடலடிப் பாறைத் திட்டில், அவர்கள் சொல்கிற பாரில், சிப்பி விளையவில்லை என்றார்கள். சங்குதான் அவர்களுக்குச் சோறு போட்டது. சங்குக் காலம் முடிந்தால் வள்ளங்களைக் கரையேற்றி, குங்கிலியத்தையும் மீன் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி அடிப்பக்கம் பூசுவார்கள். கொதிக்கிற அந்தச் சட்டி தீப்பிடித்துச் சரிந்து, வள்ளத்துக்கு அடியில் குனிந்திருந்தவன்மேல் கொட்டிவிட்டது. நெஞ்சு, முதுகு, இரண்டு கை எல்லாம் வெந்திருந்தன. இடுப்புக்குக் கீழே ஒரு காயமுமில்லை. கால் இரண்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவனுடையவை மாதிரி இருந்தன.

சட்டி சரிந்தது அதிகாலையில். கொண்டுவந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சாமியாரைக் கூப்பிட்டு, சாகப்போகிறவனுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் பூசினார்களாம். குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா என்றதற்கு, தீப்பட்டவனுக்குத் தண்ணீர் காட்டினால் செத்துப்போவான் என்று தெரியாதா என என்னையே திருப்பிக் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே வாய்க்கு வந்தபடி பேசினேன். டாக்டர் என்னை உள்ளே போகச் சொன்னார்.

வெந்த உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். தோல் போன இடம் வழியாக ரத்தத்திலுள்ள நீரெல்லாம் கசிந்து போய்விடும். மிச்சமிருக்கிற ரத்தம் கெட்டிக் கஞ்சியாகும். கஞ்சியை இதயத்தால் தள்ள முடியாது. எந்த அளவுக்குக் கெட்டியாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் ஆள் தேறுவானா மாட்டானா என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது, சண்டையில் வெந்துபோன சிப்பாய்களைப் பார்த்த டாக்டர்கள் எழுதியதாம். அதைப் படித்ததிலிருந்து அவருக்கு அந்த எண் மேல் ஒரு பிடிப்பு.

பார்க்கிற விதம் எளிதுதான். கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் அமிலம், அதில் அளந்து ஒரு சொட்டு ரத்தம். ரத்தம் காப்பி நிறமாக மாறும். பக்கத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடி இருக்கும். இரண்டும் ஒரே நிறமாகும்வரை குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடவேண்டும். தண்ணீர் எந்தக் கோட்டுக்கு ஏறுகிறதோ அதுதான் எண். நல்ல திடகாத்திரமான ஆளுக்குத் தொண்ணூறு, நூறு இருக்கும். அவனுக்குக் கையில் குத்த இடமில்லாததால் கால் விரலில் குத்தினேன். குத்தியும் ரத்தம் சொட்டவில்லை. கறுப்பாக, தேன் மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. பிதுக்கி எடுத்துப் பார்த்தேன். நூற்று முப்பதைத் தாண்டிப் போயிற்று.

வராந்தாவில் ஒருவன் மட்டும் மற்றவர்களோடு சேராமல் நின்றுகொண்டிருந்தான். வெந்தவனுடைய மனைவிக்கு அண்ணன். கடலில் இவனுக்குக் கயிறு பிடிக்கிறவனும் அவன்தான். அந்தக் கடற்கரையில் அது ஒரு வழக்கம்: குளிக்கிறவன் கல்லைக் காலில் கோத்து இறங்கினால், மேலே வள்ளத்தில் கயிறு அவன் மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்கவேண்டும். கூடப்பிறந்த தம்பி கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். மச்சான் தன் தங்கையைத் தாலியறுக்க விடுவானா? மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று நம் பக்கம் சொல்வது இவர்களுக்குக் கடலுக்குள் இறங்கிப் பிழைப்பதற்கும் சரியாக இருந்தது.

டாக்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். எண் நூற்று முப்பதுக்கு மேலே நிற்கிறது, மருந்துத் தண்ணீர் ஏற்றுகிறோம், இது இறங்கினால் உன் மச்சான் பிழைப்பான், இறங்காவிட்டால் நம் கையில் இல்லை. இவ்வளவுதான் சொன்னார். அந்த நேரத்தில் அது முழு உண்மை. அதில் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

கயிறு பிடிக்கிறவன் நேரே என்னிடம் வந்தான். "நூத்தி முப்பது பாகமா, நர்சம்மா?" என்று கேட்டான்.

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். கடலின் ஆழத்தை அதில்தான் அளப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது. எங்கள் ஆள்கள் பத்துப் பாகத்துக்கு மேல் இறங்கினதில்லை, இவன் எப்படி அவ்வளவு ஆழத்துக்குப் போனான் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பாகமும் இல்லை ஒன்றும் இல்லை, அது ரத்தத்தின் கனம் என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிரக் கேட்கவில்லை.

மறுநாள் அவன் கயிறு கொண்டுவந்தான். கடலில் பிடிக்கிற அதே கயிற்றில் வெட்டிய துண்டு. ஒரு நுனியை மச்சானின் கணுக்காலில் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான். வார்டுக்குள் உப்பும் கவிச்சையும் நாறுகிற கயிறு. நான் அவிழ்த்துக்கொண்டு போய்க் கத்தி கத்தரிக்கோல் வேகவைக்கிற பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். வெந்த கயிறு வலு போய்விடும் என்று அவன் வராந்தாவில் ஒரு பாட்டம் என்னைத் திட்டினானாம். டாக்டர் சிரித்துவிட்டு, கொதித்த கயிறுதானே, கட்டிக்கொள்ளட்டும் என்று அனுமதி கொடுத்தார். உள்ளே வருகிற காற்றையும் வெளிச்சத்தையும் போல அதுவும் ஒரு மருந்து என்றார். டாக்டரே இப்படிப் பேசினால் நர்ஸ் என்ன செய்வது?

சேலைன் பாட்டில் சண்டைக்காலத்தில் சுலபமாகக் கிடைக்காது. இருந்ததையெல்லாம் வெந்தவனுக்கே போட்டோம். வாயிலும் உப்புத் தண்ணீரும் இளநீரும் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். வெந்த இடமெல்லாம் ஊதா மருந்து பூசிக் கிடந்தான். எண் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை குழாயைக் கழுவி வைக்கும்போதும் ஜன்னலுக்கு வெளியே கயிறு பிடிக்கிறவன் முகம் தெரியும். "எத்தனை, நர்சம்மா?" நூற்றிருபது என்பேன். கயிற்றில் ஒரு சாண் நீளத்தைக் கைக்குள் சுற்றிக்கொள்வான். நூற்றுப் பத்து. இன்னொரு சாண். தங்கைக்குப் பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் அவளால் வீட்டை விட்டு வர முடியவில்லை. நடுவில் ஓடிப்போய் எண்ணை அவளிடம் சொல்லிவிட்டு வருவான். போகும்போது கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் போவான். எதிரே வருகிற யார் கையிலும் கொடுக்கமாட்டான்.

எண் நூறான அன்றைக்கு வெந்தவன் பேசினான். ரொம்ப நல்ல சுபாவம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேலி செய்வான். நான் கால் விரலில் குத்தினால், வேண்டுமென்றே காலை ஆட்டிக் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். வெளியே மச்சான் பதறி எழுந்து ஜன்னலில் முகத்தை வைப்பான். இவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பான். ஒரு தடவை நான் எடுத்த ரத்தச் சொட்டைக் காட்டச் சொன்னான். குனிந்து காட்டினேன்.

"நல்ல சிவப்பு" என்றான். "ஆழத்துல ரத்தம் சிவப்பா இருக்காது, நர்சம்மா. ஒருவாட்டி சங்கு கிழிச்சி கையில ரத்தம் வந்துச்சி. அங்கன பாத்தா பச்சையா, கருப்பா என்னமோ மாதிரி இருக்கு. மேல வந்து பாத்தா சிவப்பு. சிவப்பு தெரிஞ்சா மேல வந்தாச்சின்னு அர்த்தம்."

எனக்கு அது புதிதாக இருந்தது. கடல் சிவப்பைத்தான் முதலில் தின்னும் என்று அவன் சொன்னதைக் கையெழுத்துப் போட வந்த டாக்டரிடம் சொன்னேன். அவரும் ஆச்சரியப்பட்டார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். அதை ஏன் மறைக்கவேண்டும், அவன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தோம்.

தொண்ணூறு வந்தது. இது போதும், இதற்குமேல் இறங்கக்கூடாது என்று வராந்தாவில் இருந்தவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "தொண்ணூறு பாகத்துல மனுசன் இருப்பானா? என்ன சொல்லுதிய நீங்க?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டான். அவன் கணக்கில் எண் ஒன்றுமில்லாமல் போகிற அன்றைக்குத்தான் மச்சான் தலை தண்ணீருக்கு மேலே தெரியும்.

எண் நிற்கவில்லை. எண்பது ஆயிற்று, எழுபது ஆயிற்று. வெந்த இடங்களில் சீழ் பிடித்திருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. முதலில் ரத்தத்திலிருந்த நீர் போயிற்று. இப்போது ரத்தமே போய்க்கொண்டிருந்தது. சூட்டில் வெந்த அணுக்கள் சாகும், சீழ் மிச்சத்தைத் தின்னும் என்றார் டாக்டர். கால் விரலில் குத்தினால் சொட்டு உடனே ஓடிவந்தது, கழுவி விட்ட கறிச்சட்டித் தண்ணீர் மாதிரி. நான் குழாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவதற்குள் நிறம் ஒத்துப் போயிற்று.

ஐம்பதைத் தொட்ட நாள் மறக்காது. கயிறு பிடிக்கிறவன் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்தான். சீனி ரேஷனில் கிடைத்த காலம். எங்கே தேடினானோ தெரியாது. தோட்டி, சமையல்காரர், டாக்டர் எல்லார் கையிலும் ஆளுக்கொன்று வைத்தான். இன்னும் கொஞ்சம்தான், மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன் என்றான். என் கையிலும் ஒன்றை வைத்தான். நான் அவனை உட்காரவைத்து மறுபடியும் எல்லாம் சொன்னேன். முன்பு மேலே போனது ஆபத்து, இப்போது கீழே போவது ஆபத்து. அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். மாதாவைக் கும்பிடாத வேதக்காரப் பெண் எதைக் கண்டாலும் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பான். அவன் போனபிறகு மக்ரூனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயில் வைத்தால் முட்டையும் முந்திரியும் கரைகிற பண்டம், எனக்கு இறங்கவில்லை.

நாற்பதுக்கு வந்ததும் டாக்டர் ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் ரத்தத்தைச் சேர்த்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. ஒத்துப்போகிற ஆள் பக்கத்திலேயே வேண்டும். கடற்கரையிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் ஊசியைப் பார்த்ததும் வள்ளத்துக்கு நேரமாயிற்று என்று நழுவினார்கள். மிச்சப்பேர் ரத்தம் ஒத்துவரவில்லை. என்னுடையதும் ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது கயிறு பிடிக்கிறவனுடையது ஒன்றுதான்.

அவன் முடியாது என்றான்.

பயத்தில் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றினால் எண் ஏறுமா என்று கேட்டான். ஏறும், அதற்குத்தானே ஏற்றுகிறோம் என்றார் டாக்டர். அவன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நூத்தி முப்பது பாகத்துலருந்து இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். இன்னும் நாப்பதுதான் கெடக்கு. மேல வாரவனத் திரும்பவும் அமுக்கச் சொல்லுதியளே. அதுவும் என் ரத்தத்தக் கொண்டு."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவருடைய பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஒருவன் நிமிஷத்துக்கு நிமிஷம் வெளுத்துக்கொண்டிருக்கிறான். இங்கே இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கயிறு பிடிக்கிறவனை வராந்தா மேசைக்கு வரச் சொன்னேன். வரச் சொன்னேன் என்றால், சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு மையொற்றுத் தாளை எடுத்து வைத்தேன். என் விரலைக் குத்தி அதில் ஒரு சொட்டு விட்டேன். உள்ளே போய் அவன் மச்சானின் கால் விரலில் குத்தி இன்னொரு சொட்டை எடுத்துவந்து அதன் பக்கத்தில் விட்டேன். என்னுடையது குங்குமமாக நின்றது. மற்றது தாளில் பரவி, நடுவில் மட்டும் லேசான ரோஸ் நிறம் காட்டியது.

"எண்ணிக்கைய விடும்" என்றேன். "ஆழத்துக்குப் போனா எந்த நெறம் மொதல்ல போவும்? உம்ம மச்சான்தான் எனக்குச் சொன்னாரு. இதுல எது மேல இருக்கு, எது ஆழத்துல இருக்கு? நீரே சொல்லும்."

அவன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஜன்னலில் முகத்தை வைத்து, மெதுவாக, கடலில் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கேட்டான்: "மச்சான், ஏறுதியா, எறங்குதியா?"

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். "தெரியல மச்சான்" என்றான். "காது அடைக்கி."

ஆழத்துக்குப் போனால்தான் காது அடைக்கும். அது எனக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கயிறு பிடிக்கிறவன் ஜன்னலிலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றினான். ஆனால் கயிற்றை விடவில்லை. ரத்தம் எடுக்க அவன் உள் அறையில் படுக்கவேண்டும், கயிறு அவ்வளவு தூரம் எட்டாது. ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வா என்றார் டாக்டர். இந்த நேரத்தில் கம்பியை நம்பமுடியாது என்றான் அவன். நான் கையை நீட்டினேன். இங்கே கொடும், நீர் எழுந்து வருகிறவரை நான் பிடிக்கிறேன் என்றேன்.

அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு அவனே கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றினான். "இறுக்கவும் கூடாது, தொங்க விடவும் கூடாது. இழுப்பு வந்தா தூக்கணும். வேற எதையும் யோசிக்கக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தான். சரி என்றேன். என் சரியை அவன் நம்பினானா என்று தெரியாது. வேறு வழியில்லை என்பது தெரிந்தது.

ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாராளமாகவே எடுத்தார். கயிறு பிடிக்கிறவனுக்குத் தலை சுற்றியது. உள் அறையிலேயே காப்பி கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அவன் ரத்தம் பாட்டிலில் தொங்கி, குழாய் வழியாக மச்சானின் காலுக்குள் போகத் தொடங்கியது. நல்ல பகல் வெளிச்சம். துறைமுகத்தில் ஏதோ கப்பலுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தோணிக்காரர்களின் சத்தம் கேட்டது. நான் கட்டிலருகே கயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு மாடு மேய்க்க வந்தவள் மாதிரி இருந்திருப்பேன்.

பாட்டில் தீரும்போது அவன் உதட்டில் நிறம் வந்திருந்தது. மறுகால் விரலில் குத்தினேன். சொட்டை அவன் கண்ணுக்கு நேரே காட்டினேன். பார்த்தான். "செவப்பு" என்றான். சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்தான்.

குழாயை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி ஜன்னலோரத்து மேசைக்குப் போனேன். கயிறு இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. வலது கையால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. எழுபதுக்குப் பக்கத்தில் இரண்டு நிறமும் ஒன்றாயின. அப்போது கயிற்றில் இழுப்பு வந்தது.

பெரிய இழுப்பு இல்லை. வாளி முங்குகிற அளவுதான்.

நான் திரும்பிவிட்டேன், ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அவன் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. மார்பு நின்றிருந்தது. நான் டாக்டரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட அதே நேரத்தில், நான் படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பலமாக இழுத்தேன். கால் மட்டும் கட்டிலிலிருந்து எழும்பி வந்தது.

டாக்டர் வந்தார். ஊசி போட்டார், அமுக்கினார், எல்லாம் செய்தார். ரத்தம் எங்காவது கட்டியாகி அடைத்திருக்கலாம், இல்லை சீழின் விஷத்தில் இதயம் ஓய்ந்திருக்கலாம் என்றார். சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. இழுப்பு வந்ததைச் சொன்னேன். சாகும்போது தசை துடிப்பது உண்டு, அவன் இழுத்ததாக நினைக்காதே என்றார். அந்த எண்ணைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார்: முதல் சில நாள்களுக்குத்தான் அதற்கு விவரம் தெரியும், அதற்குப் பிறகு அது எதுவும் அறியாது. மேசையில் குழாய் அப்படியே நின்றது. எண் நன்றாகத்தான் இருந்தது.

கயிறு பிடிக்கிறவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். பிறகு வழக்கம்போலக் கேட்டான், "எத்தனை, நர்சம்மா?"

"எழுவது" என்றேன். 

"அப்ப ஆழந்தான்" என்றான்.

அதற்குப்பிறகு அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. கணுக்காலிலிருந்த முடிச்சை அவிழ்க்க அவனால் முடியவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் உடம்பைக் கொண்டுபோகவேண்டும், அதற்குமுன் வீட்டில் சொல்லவேண்டும். தங்கையிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நான் வந்து சொல்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் செத்தார்கள். ஒருவர் வீட்டுக்கும் நான் அப்படிப் போனதில்லை.

வீடு கடலைப் பார்த்த தெருவில் இருந்தது. அவன் வாசலுக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டான், உள்ளே வரமாட்டேன் என்று தலையசைத்தான். நான் மட்டும் போனேன். சின்னப் பெண். மடியில் துணியில் சுற்றிய பிள்ளை. என் வெள்ளை உடையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை எதையும் அவள் கேட்கவில்லை. பிள்ளையின் தலையில் கையை வைத்தாள். எப்படி என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை.

"கயிறு யாரு கையில இருந்துச்சி?" என்று கேட்டாள்.

வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"என் கையில" என்றேன். "நான்தான் கேட்டு வாங்குனேன். உங்க அண்ணன் தன் ரத்தத்தக் குடுத்துட்டு உள்ள கெடந்தாரு. இழுப்பு வந்தப்ப கயிறு என் கையிலதான் இருந்துச்சி."

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்த்தாள். மணிக்கட்டில் கயிற்றின் தடம் சிவப்பாக இருந்தது. இவ்வளவு நாளான பிறகும் அந்தப் பார்வை அங்கேயே நிற்கிறது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன், வளையல் போட்டு மறைக்கிறேன், அது போவதில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் வெந்தவர்களின் ரத்தத்தில் என்னென்னவோ பார்த்து, தேறுவார்களா மாட்டார்களா என்று சொல்கிறார்களாம். பேத்தி பத்திரிகையில் படித்துக் காட்டினாள். நல்லது, சொல்லட்டும். வெளியே ஒருவன் நின்று எத்தனை என்று கேட்பானே, அவனுக்கு என்ன சொல்வது என்று அதில் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் என் கையிலிருந்து கண்ணை எடுத்தாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "உள்ள வா. வந்து பிள்ளையப் பிடி."

அவன் உள்ளே வந்தான். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.